மோதிர விரலும் மேண்டலின் பிரிட்ஜும்

மணிவேல் அடுத்தவன் ரத்தத்தை முதலில் பார்த்தது ஐந்தாம் வகுப்பில். கணக்கு வாத்தியார் காதைத் திருகினார், இவன் சிலேட்டைத் தூக்கி வீசினான். சிலேட்டின் மூலை வாத்தியார் புருவத்தில் இறங்கி நாலு தையல். பள்ளிக்கூடம் அன்றோடு சரி. கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். அப்பா தருமன் மகனைக் கம்பத்தில் கட்டி வைத்து உதைத்தார். மறுநாள் காலை பஸ் ஏற்றித் திருவண்ணாமலைக்குக் கூட்டி வந்து ஒரு மரவாடியில் தள்ளினார். "கை கால் போனாலும் வந்து கேக்க மாட்டேன், வேலை வாங்கிக்குங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

கை கால் போகவில்லை. மரவாடியில் பதினாறு வருஷம் ரம்பத்துக்கு மரம் தள்ளினான். அங்கே அவனுக்குக் கிடைத்தது ஒரு காது. மரத்துக்குள் பழைய ஆணி இருந்தால் ரம்பம் அதில் படுவதற்கு ஒரு நொடி முன்னால் சத்தம் மாறும். அந்த மாற்றத்தைக் கேட்டு மெஷினை நிறுத்துகிறவன் பிழைப்பான். கேட்காதவன் முகத்தில் ரம்பத் துண்டு பாயும். மணிவேல் கேட்டான். பத்தடி தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தாலும் கேட்டான்.

காது அப்படி, கை இப்படி. ஓவர்டைம் தகராறில் மேஸ்திரி பிரசாத்தின் முன்பல் இரண்டு போனது. பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆட்டோவின் முன்கண்ணாடியை வெறுங்கையால் உடைத்து, அந்தக் கண்ணாடியாலேயே டிரைவரின் தோளைக் கீறி, நாற்பத்திரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தான். வந்த பிறகும் திருந்தினான் என்று சொல்ல முடியாது. ஆள் ஐந்தடி நாலங்குலம்தான். கோபம் வந்தால் அவனுக்குப் பேச்சு வராது, கைதான் வரும். அடித்து முடித்த பிறகு எதற்காக அடித்தோம் என்று யோசிப்பான். பாதி நேரம் ஞாபகம் வராது.

செங்கம் ரோட்டில் ஆசிரமப் பக்கம் லாட்ஜும் கெஸ்ட் ஹவுஸுமாக எழும்பியபோது, கதவு நிலை செய்யச் சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டான். ஒருநாள் கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்து, கம்பி கட்டுகிற மரம் பிய்த்துக்கொண்டதைக் காட்டினார். மணிவேலுக்கு கிட்டார் என்ற பேர்தான் தெரியும். ஆனால் மரம் தெரியும், பசை தெரியும். ஒட்டிக் கொடுத்தான். அதற்கப்புறம் ஆர்மோனியம் வந்தது, வயலின் வந்தது, பஜனைக் கோஷ்டிகளின் டோலக் வந்தது. அவனுக்கு ஒரு பாட்டுக்கூட வாயில் வராது. விசிலடித்தால் காற்றுதான் வரும். ஆனால் எந்த வாத்தியத்தில் என்ன உளறல் இருந்தாலும், விரலால் தட்டிக் கேட்டு, "இங்கதான் பிரிஞ்சிருக்கு" என்று சரியாக நகத்தை வைப்பான்.

மனைவி அருணாதேவி கீழ்பென்னாத்தூர்க்காரி. அவளையும் அடித்தான். அதை மெழுகிச் சொல்ல ஒன்றும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை, சில மாதம் இரண்டுமுறை. மகள் கவிநிலா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வளர்ந்து, பிளஸ் டூ முடித்த கையோடு வேலூரில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். அப்பன் போனை எடுப்பதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பௌர்ணமி. மலை சுற்றுகிற கூட்டம் ரோட்டில் வழிகிறது. பக்கத்து டீக்கடை ஜோதியம்மாளுக்குத் தேங்காய் உடைக்க அரிவாள் கிடைக்கவில்லை. அருணாதேவி கொட்டகையிலிருந்து ஓர் உளியை எடுத்துக் கொடுத்தாள். தச்சன் தன் உளியை இன்னொரு தச்சனுக்கே தரமாட்டான். தேங்காய் ஓட்டில் பட்டு முனை மழுங்கித் திரும்பி வந்த உளியைப் பார்த்ததும் மணிவேல் அவளை அறைந்தான். அவள் காதில் ரத்தம் வந்தது. ஜோதியம்மாள் பதறிப்போய் அருணாதேவியின் தம்பி மாறனுக்குப் போன் போட்டாள்.

மாறன் கல்யாணக் கச்சேரிகளில் மேண்டலின் வாசிக்கிறவன். ரிகர்சலில் இருந்தவன் வாத்தியத்தை முதுகில் மாட்டிக்கொண்டே பைக்கில் வந்தான். வந்து நின்று, "ஏன் மாமா அக்காவ அடிச்ச?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான்.

மணிவேல் அடுக்கிலிருந்து ஒரு ரீப்பர் கட்டையை, ஓட்டுக்கூரைக்கு அடிக்கிற நீளச் சட்டத்தை, உருவி அவன் தலைக்குக் குறி வைத்து வீசினான். மாறனின் இடது கை தானாக மேலே வந்தது. கட்டை கையில் விழுந்தது. காய்ந்த கிளை முறிகிற சத்தம். மணிவேல் அதை நன்றாகவே கேட்டான், அவன் காது அப்படிப்பட்டது. உள்ளே எது முறிந்தது, எத்தனை துண்டாக முறிந்தது என்பதுகூட அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்று உறவுக்காரர்கள் மாறனை ஒரு கிராமத்தில் எலும்பு கட்டுகிறவரிடம் கொண்டு போனார்கள். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் வைத்து மூங்கில் பத்தை கட்டி மூன்று வாரம். பிரித்தபோது மோதிர விரல் நேராக இருந்தது. ரொம்பவே நேராக இருந்தது. நுனிக் கணு மடங்கவில்லை. அன்றைக்கு அருணாதேவி எல்லோர் முன்னிலையிலும் மணிவேலைப் பார்த்துச் சொன்னாள்:

"என் தம்பி கை பழையபடி சுத்தமா என்னைக்கு வாசிக்குதோ, அன்னைக்கு உன் வீட்டுக்கு வரேன். அதுவரைக்கும் என் பொணம்கூட வராது."

தம்பியோடு பஸ் ஏறினாள். மூன்று வருஷம் வரவில்லை.

மணிவேல் தனியாகப் பொங்கித் தின்றான். யாராவது கல்யாண மண்டபத்திலிருந்து வந்தால் தற்செயலாகக் கேட்பதுபோல் கேட்பான்: "மாறன்னு ஒருத்தன் மேண்டலின் வாசிப்பான், எப்பிடி வாசிக்கிறான்?" எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "வாசிக்கிறான். ஆனா கர்ர்ருனு ஒரு சத்தம் வருது. முன்ன மாதிரி இல்ல." அந்தக் கர்ர்ர் என்பது தன் அடிதான் என்று மணிவேலுக்குத் தெரியும். கேட்ட ராத்திரியெல்லாம் அவனுக்குச் சோறு இறங்காது. மறுநாள் யாரையாவது அடிப்பான்.

இந்த ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி. இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தவன் நிழல் விழுவதைப் பார்த்து நிமிர்ந்தான். கொட்டகை வாசலில் அருணாதேவி. அவளுக்குப் பின்னால், ரோட்டிலேயே, முதுகில் பையோடு மாறன்.

மணிவேலுக்கு வாய் வரவில்லை. இந்த முறை கையும் வரவில்லை.

"நான் உன்னப் பாக்க வரல" என்றாள் அருணாதேவி. "வாத்தியத்தைக் காட்ட வந்தேன். கச்சேரி நடத்துற ராமகிருஷ்ணன், இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சுத்தமான சத்தத்தோட வந்தா வா, இல்லன்னா கீபோர்டே போதும்னுட்டாரு. மெட்ராசுக்கு அனுப்புனா பத்து நாள் ஆவுமாம். இந்த ஊர்ல இதத் தொறந்து பாக்குற ஆளு நீ ஒருத்தன்தான். என் தலையெழுத்து."

"கை...?" என்றான் மணிவேல்.

"கை நல்லா ஆயிடிச்சு. வாத்தியந்தான் கோளாறுன்னு இவன் சொல்றான்."

மாறன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள வாடா மச்சான்."

"இங்கயே நிக்கிறேன். உன் ரீப்பருக்கு எட்டாத எடத்துல."

டீக்கடையிலிருந்து ஜோதியம்மாள் குரல் கொடுத்தாள். "உள்ள போடா மாறா, வெயில்ல நிக்காத. அவன் கைய ஓங்குனா கொதிக்கிற பாலைக் கொண்டாந்து தலையில ஊத்துறேன்."

மாறன் உள்ளே வந்து பையைப் பிரித்து மேண்டலினைப் பலகைமேல் வைத்தான். எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக நாலு ஜோடி. மணிவேல் ஒரு கம்பியைச் சுண்டினான். கர்ர்ர். தேனீ குடத்துக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற எந்த மெட்டின் மேலும் விரல் வைக்காமல், வெறும் கம்பியைச் சுண்டியபோதே கர்ர்ர்.

அப்படியானால் கோளாறு விரலில் இல்லை. அவன் முதுகு நிமிர்ந்தது.

மறுபடி சுண்டினான். அடுத்த ஜோடி. அதற்கு அடுத்தது. காதைப் பலகையோடு ஒட்டிக் கேட்டான். முறுக்குகிற சாவிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு சுண்டினான். வயிற்றுப் பலகையை நகத்தால் சுற்றிலும் தட்டினான். விரிசல் இல்லை, ஆணி தளரவில்லை. கண்ணைக் கம்பி மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். மெட்டுகளுக்கும் கம்பிக்கும் நடுவில் தாள் நுழைய இடமில்லை. கம்பி படுத்துக் கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்த வேண்டிய பிரிட்ஜ் குள்ளமாக இருந்தது.

பிரிட்ஜ் என்பது விரல் நீளத்துக்கு ஒரு மரத்துண்டு. அதை ஒட்டுவதும் இல்லை, ஆணி அடிப்பதும் இல்லை. எட்டுக் கம்பியும் மேலேயிருந்து அமுக்குகிற அமுக்கில்தான் அது நிற்கும். மணிவேல் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தினான். சுவரில் செருகியிருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து இரண்டாகக் கிழித்து மடித்து, பிரிட்ஜின் இரண்டு காலுக்கும் அடியில் கொடுத்தான். மறுபடி முறுக்கிச் சுண்டினான்.

ணங்.

கர்ர்ர் இல்லை. பஸ் சத்தத்தையும் மீறி அந்த ஒரு ணங் கொட்டகைத் தகரத்தில் போய் மோதியது. அருணாதேவி கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மணிவேல் பலகையைத் தாண்டி வந்து மாறனின் சட்டைக் காலரைப் பிடித்து, சாத்தி வைத்திருந்த கதவு நிலையில் அவனை மோதினான்.

"மூணு வருஷம்டா! மூணு வருஷமா என் தலையில போட்டிங்களேடா! என் அடியில்லடா, பிரிட்ஜுடா! ஒரு ரூவா மரம்டா! ஒரு ரூவா மரத்துக்காக என் பொண்டாட்டி, என் புள்ள..." நிலை ஆடிச் சாய்ந்து சுவரில் இடித்தது. "ஊரெல்லாம் கேட்டேன்டா! அத்தினி பேரும் கர்ர்ருனான். ஒருத்தனாச்சும் வாத்தியத்தத் தொறந்து பாருன்னு சொன்னானாடா?"

"விடு அவன" என்றாள் அருணாதேவி.

விட்டான். மூச்சு இரைத்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்துப் பழக்கமில்லாத ஜோதியம்மாள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"புதுசு செஞ்சு தரேன். கருங்காலியில."

"கருங்காலியா?" என்றான் மாறன், காலரைச் சரி செய்தபடி. "மலை சுத்துற ரோட்டுல மாலை மாலையா தொங்குதே, கறுப்புச் சாயம் தோச்சது, அதுவா?"

"சாயமா? இந்தா, கடிச்சுப் பாரு. பல்லு ஆடலன்னா நான் பேர மாத்திக்கிறேன்." பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கிப் போட்டிருந்த உலக்கைத் துண்டு. அவன் அதை வைஸில் இறுக்கி அறுத்தான். கருங்காலி லேசில் அறுபடாது, வாள் கீச்சிட்டது. அறுத்ததை உளியால் செதுக்கினான். உளி ஒவ்வொரு முறையும் வழுக்கிக்கொண்டு விரலைத் தேடி வந்தது. இரண்டு முறை ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு செய்தான்.

மேண்டலின் வயிறு தட்டையாக இருக்காது, லேசாக மேடிட்டு இருக்கும். பிரிட்ஜின் கால்கள் அந்த மேட்டில் மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். அதற்கு உப்புத்தாளைச் சொரசொரப்புப் பக்கம் மேலே இருக்கும்படி வயிற்றின்மேல் போட்டு, அதன்மேல் பிரிட்ஜை வைத்து முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். தேய்த்துக்கொண்டே பழைய பிரிட்ஜ் எப்படி உட்கார்ந்திருந்தது என்று பார்க்க அதைக் கையில் எடுத்துத் திருப்பினான்.

அடிப்பக்கம் முழுக்கக் கோடு கோடாகக் கீறல். உப்புத்தாள் கோடு இல்லை. தாறுமாறான, ஆழமான கீறல், இடுக்கில் சாம்பல் நிறத் தூள். சிமெண்டுத் தரையில் தேய்த்தால் வருகிற கீறல். கம்பெனியில் செய்தது இப்படி இருக்காது. யாரோ காலைத் தேய்த்துத் தேய்த்துக் குள்ளமாக்கியிருக்கிறார்கள்.

"இது யாரு தேச்சது?"

"வாங்கும்போதே அப்பிடித்தான் இருந்திச்சு" என்றான் மாறன். சட்டென்று சொன்னான்.

பழைய வீட்டு உத்தரத்தில் ஆணி இருக்கிறது என்று காது சொல்லும்போது மணிவேல் எந்த நாளும் மெஷினை ஓட்டியதில்லை. இன்றைக்கு ஓட்டினான். அந்தப் பதில் பொய் என்று கேட்டது. கேட்டும் பழைய பிரிட்ஜைத் தூக்கி மரத்தூளில் எறிந்துவிட்டுப் புதியதைத் தேய்க்கத் தொடங்கினான். அருணாதேவி அதற்குள் கொட்டகையின் கோலத்தைச் சுற்றிப் பார்த்திருந்தாள். மூலையில் நாள்பட்ட சோற்றுப்பானை, அழுக்குக் கைலி, ஆறு காலி பாட்டில். "இன்னாய்யா இது, பன்னி தங்குற எடம் மாதிரி" என்றாள். மூன்று வருஷத்தில் அவள் அவனிடம் பேசிய முதல் வீட்டுப் பேச்சு அது. அந்த ஒரு வார்த்தைக்காக அவன் பத்து ஆணியைக்கூடக் கேட்காமல் இருந்திருப்பான்.

மத்தியானம் ஆனது. மெல்லிய அரத்தால் எட்டுப் பள்ளம் போட்டான். பிரிட்ஜை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு நூலை எடுத்தான். கழுத்து உச்சியிலிருந்து பன்னிரண்டாவது மெட்டுவரை நூலைப் பிடித்து, அதே நீளத்தை அங்கிருந்து கீழே வைத்து, பென்சிலால் புள்ளி வைத்தான். புள்ளியில் பிரிட்ஜை நிறுத்தி ஒவ்வொரு ஜோடியாக முறுக்கினான். மாறன் சுருதி சேர்த்தான்.

எட்டுக் கம்பியும் சேர்ந்து ஒலித்தபோது ஜோதியம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்தினாள்.

"வாசிடா" என்றாள் அருணாதேவி. அவள் நெஞ்சில் கையை வைத்திருந்தாள். "நல்லா வாசி."

மாறன் வாத்தியத்தை மடியில் வைத்தான். ஆள்காட்டி விரலை வைத்தான், ணங். நடுவிரலை வைத்தான், ணங். இரண்டு விரலும் மாறி மாறி ஓடின, சத்தம் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்புறம் பாட்டு மேலே ஏற வேண்டிய இடம் வந்தது. மோதிர விரலை வைத்தான்.

டொக்.

கட்டையைத் தட்டின மாதிரி. ஸ்வரமே இல்லை. மறுபடி வைத்தான். டொக். உயர்ந்து நின்ற கம்பியை அந்த விறைத்த விரல் மெட்டுவரை அழுத்த முடியவில்லை. நகம் வெளுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையின் பலம் முழுவதையும் அந்த விரலில் இறக்கினான். டொக்.

மாறன் கம்பியிலிருந்து கையை எடுத்தான். ரோட்டில் ஒரு பஸ் போனது.

"நான்தான் தேச்சேன்க்கா" என்றான் மாறன். தலை நிமிரவில்லை. "நீ நூறு நாள் வேலைக்குப் போனப்புறம், நம்ம வீட்டு வாசத் தரையில. கம்பி மேல இருந்தா விரலு அமுக்க மாட்டேங்குது. கொஞ்சம் தேச்சேன், எட்டல. இன்னும் கொஞ்சம் தேச்சேன். தேச்சித் தேச்சி ஒரு நாளு எட்டிச்சு. எட்டுன அன்னைக்கே கர்ர்ருன்னுது."

"கை சரியாயிடிச்சுன்னு சொன்னியேடா."

"அப்பத்தானே நீ சோறு தின்ன."

மணிவேலுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. பிரிட்ஜ் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஊர்க்காரர்கள் கேட்ட கர்ர்ர் அந்த ரீப்பரின் சத்தம்தான். விரலில் தொடங்கிப் பிரிட்ஜ் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அவன் காலையிலிருந்து அறுத்துச் செதுக்கி உசத்தி வைத்தது அதை இன்னும் பச்சையாகக் காட்டிவிட்டது. இது விளங்கியதும் அவன் உடம்புக்குத் தெரிந்த ஒரே வழி திறந்துகொண்டது.

"ஏன்டா முன்னயே சொல்லல!" மாறனின் கன்னத்தில் அறைந்தான். உட்கார்ந்திருந்தவன் வாத்தியத்தைக் கட்டிப் பிடித்தபடி பக்கவாட்டில் சரிந்தான். இரண்டாவது அறைக்கு மணிவேல் கையை ஓங்கினான்.

அந்தக் கை இறங்கவில்லை. அருணாதேவி அடுக்கிலிருந்து ரீப்பரை உருவி அவன் முதுகில் ஓர் அடி வைத்திருந்தாள்.

முதல் அடியில் அவனுக்கு யார் என்றே தெரியவில்லை. திரும்பினான். இரண்டாவது அடி தோளில். மூன்றாவது முகத்துக்கு வந்தது, இடது கை தானாக மேலே போனது. கட்டை மணிக்கட்டில் விழுந்தது. தூக்கிய கையைப் பார்த்தான். மாறன் தூக்கின அதே கை, அதே மாதிரி. மெதுவாக அதைக் கீழே இறக்கிக்கொண்டான். அப்புறம் அவன் தடுக்கவே இல்லை.

அவள் பேசாமல் அடித்தாள். இருபத்திரண்டு வருஷமாக வாங்கின அடி எங்கெங்கே விழுந்ததோ அங்கெல்லாம் அடித்தாள். முதுகில், விலாவில், தொடையில். காதோரம் ஒன்று வைத்தாள், கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அவன் மரத்தூளில் மண்டியிட்டு விழுந்தான். அப்படியே இருந்தான். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஜோதியம்மாள் கரண்டியோடு வாசலை மறித்து நின்றாள்.

"எங்கடா ஓடி வரீங்க? அவ அடி வாங்குனப்ப ஒருத்தனும் வரலியே. நில்லுங்கடா அங்கயே." அப்புறம் உள்ளே பார்த்துச் சொன்னாள், "அருணா, தலையில மட்டும் வோணாம்மா. செத்துத் தொலைஞ்சான்னா உன்னத்தான் உள்ள வைப்பாங்க."

கட்டை இரண்டாக முறிந்தது. கையிலிருந்த மிச்சத்தால் இன்னும் ஒரு அடி அடித்தாள். அது சத்தமில்லாமல் விழுந்தது. அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. மிச்சத்தைக் கீழே போட்டுவிட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள்.

மாறன் எழுந்தான். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. வாத்தியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. என்ன நினைத்தானோ, நின்றபடியே அந்தப் பாட்டை மறுபடி எடுத்தான். ஆள்காட்டியும் நடுவிரலும் மட்டும். பாட்டு ஏற வேண்டிய இடம் வந்தபோது நடுவிரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் அப்படியே மேலே இழுத்துக்கொண்டு போனான். ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போய்ச் சரியான இடத்தில் நின்றது. சுத்தமாக நின்றது.

மண்டியிட்டிருந்த மணிவேல் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தான். ரத்தம் வழிகிற முகத்தில் அந்தப் பார்வை நாய்க்குட்டி பார்ப்பதுபோல் இருந்தது.

"அதுக்குள்ள பாக்குறியே" என்றாள் அருணாதேவி. "நான் கையச் சொன்னேன். இது கையில்ல. கை இல்லாததுக்கு அவன் தேடிக்கிட்ட வழி." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "மாறா, பிரிட்ஜு இப்பிடியே இருக்கட்டும். இனிமே எதையும் தேய்க்காத. நேரா ராமகிருஷ்ணன்கிட்ட போ. விரலு போச்சுன்னு சொல்லு. ரெண்டு விரல்ல இவ்வளவுதான் வரும்னு சொல்லு. சேத்துக்கிட்டா சேத்துக்கட்டும்."

"வேகமான பாட்டெல்லாம் வராதுக்கா."

"வராதுன்னு சொல்லு."

ஓடி வந்த ஆட்டோக்காரர்களில் ஒருவனின் வண்டியிலேயே மாறன் ஏறிப் போனான். அருணாதேவி ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற டவுன் பஸ் வந்தது, ஏறினாள். ஜன்னலோரம்தான் உட்கார்ந்தாள், ஆனால் கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை.

ஜோதியம்மாள் இன்னோர் ஆட்டோவில் மணிவேலைத் தூக்கிப் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அவசரப் பிரிவில் சினேகா என்று பேர் குத்தியிருந்த நர்ஸ் அவன் சட்டையைக் கத்தரித்து எடுத்தாள். அடிபட்ட தடிப்புகளை எண்ணிக்கொண்டே கேட்டாள்.

"யார் அடிச்சாங்க?"

"யாரும் அடிக்கலம்மா. ரீப்பர் விழுந்திடிச்சு."

"முதுகுல பதினோரு எடத்துல இருக்கு. பதினோரு தடவ விழுந்துச்சா?"

"கட்டு விழுந்திச்சும்மா. மொத்தக் கட்டும்."

"போலீசுக்கு எழுதணும்யா. உண்மையச் சொல்லுங்க."

"மரவேலைக்காரன் நானு. மரம் விழுந்திச்சுன்னு எழுது. கையெழுத்துப் போடறேன்."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினாள். காதுக்கு ஐந்து தையல் போட்டார்கள். இடது மணிக்கட்டு பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அப்புறம் நர்ஸ் அவன் இடது கையை மேஜைமேல் வைத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்தாள்.

"மடக்குங்க. நீட்டுங்க. இது? ம்ம். அடுத்தது."

மோதிர விரலைத் தொட்டாள், மாறனுக்கு மடங்காமல் போன அதே விரல். மணிவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"மடக்குங்க."

நுனிக் கணு முதல் அடிக்கணு வரை விரல் பாந்தமாக மடங்கியது. நீட்டச் சொன்னாள், நீண்டது.

"எலும்பெல்லாம் நல்லா இருக்கு, வெறும் வீக்கந்தான். ஒரு வாரத்துல பழையபடி வேலை செய்யலாம். குடுத்து வச்சவர் நீங்க."

"இன்னொரு தடவ பாரும்மா."

"அதான் சொல்றேனே, ஒண்ணுமே ஆவல."

"அந்த விரல மட்டும் பாரேன்."

அவள் சலித்துக்கொண்டே இன்னொரு முறை மடக்கி நீட்டினாள். "நல்லாத்தான்யா இருக்கு. அழாதீங்க, வலிக்கு ஊசி போடறேன்" என்று மருந்து எடுக்கப் போனாள். மணிவேல் அந்தக் கையைத் தூக்கி மடிக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.